கேமராவில் சிக்கியவன் நான்தான்

டோல்கேட் கட்டை மேலே போனது. கிளட்சை விட்டேன், வண்டி நகர்ந்தது, போன் 'டிங்' என்றது. பாஸ்டேக்கில் பணம் பிடித்ததற்கான மெசேஜ். எவ்வளவு பிடித்தது, மீதி எவ்வளவு இருக்கிறது என்று உடனே ஒரு பார்வை பார்ப்பது என் வழக்கம். பார்த்தேன். நிமிர்ந்தபோது முன்கண்ணாடி முழுக்க வாழைத்தார்.

டோல்கேட்டைத் தாண்டிய அந்த நூறு, நூற்றைம்பது மீட்டர் எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்கே தெரியும். ஏழெட்டு வரிசையில் நின்ற வண்டிகள் எல்லாம் ஒரே சமயத்தில் இரண்டு வரிசைக்குள் நுழையப் பார்க்கும். பஸ்காரர் ஒரு பக்கம் அணைப்பார், லாரிக்காரர் இன்னொரு பக்கம். எனக்கு முன்னால் போன குட்டியானை அந்த நெரிசலில் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. வேகம் இருபதுதான் இருக்கும். பிரேக்கில் கால் போவதற்குள் சத்தம் வந்துவிட்டது. என் பம்பர் பிளந்து, இடது ஹெட்லைட் பிதுங்கி வெளியே தொங்கியது. குட்டியானைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஒரு சீப்பு மட்டும் அறுந்து என் பானெட்டில் வந்து உட்கார்ந்திருந்தது.

இறங்கி வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சத்தம் போடவில்லை. என் முகத்தைப் பார்த்தான், அப்புறம் கையைப் பார்த்தான். போன் இன்னும் கையிலேயே இருந்தது.

"போனாண்ணே?"

"இல்லப்பா, நீ திடீர்னு பிரேக் போட்டுட்ட."

"நான் நின்னு ரொம்ப நேரமாச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு, பானெட்டிலிருந்த சீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டிலும் அதே பொய்யைத்தான் சொன்னேன். குட்டியானைக்காரன் திடீரென்று பிரேக் போட்டுவிட்டான், நான் என்ன செய்ய முடியும்? இன்சூரன்ஸில் க்ளெய்ம் போட்டால் வருஷக்கணக்காகச் சேர்ந்து வந்த நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும் என்று கணக்குப் பார்த்து, பம்பருக்கும் லைட்டுக்கும் பெயின்டுக்கும் கையிலிருந்தே கொடுத்தேன். கூடவே முன்னால் ஒரு கண், உள்ளே ஒரு கண் என்று இரண்டு பக்கமும் படம் எடுக்கும் டேஷ்கேம் ஒன்றும் வாங்கி மாட்டினேன். அடுத்த தடவை எவனாவது திடீரென்று பிரேக் போட்டால் ஆதாரம் வேண்டுமே!

நான் திருச்சிக்காரன். டயாலிசிஸ் மெஷின்களைப் பழுது பார்ப்பது வேலை. மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி என்று வாரத்தில் நான்கு நாள் ரோட்டில்தான் இருப்பேன். லைசென்ஸ் வாங்கிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. குட்டியானைக்கு முன்னால் ஒரு பூனையின் மேல்கூட ஏற்றியதில்லை. என்னோடு வருபவர்கள் "நீங்க ஓட்டினா தூக்கம் வருது சார்" என்பார்கள். அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த கேமராவின் மெமரி கார்டை மகள் லேப்டாப்பில் போட்டாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். முன்பக்கக் காட்சி அவளுக்குப் போரடித்துவிட்டது. உள்பக்கக் காட்சியை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். போய்ப் பார்த்தேன். திரையில் நான். வாயைக் கோணிக்கொண்டு பல்லிடுக்கில் எதையோ நோண்டியபடி தொண்ணூறில் போய்க்கொண்டிருக்கிறேன்.

"அப்பா, நீங்க ரோட்டையே பாக்க மாட்டேங்கிறீங்க."

"அதெல்லாம் பழக்கம்மா, ஓரக்கண்ணுலயே தெரியும்."

அவள் விடவில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்தாள். போன், தண்ணி, பாட்டு, சும்மா என்று நான்கு கட்டம். திருச்சியிலிருந்து மதுரை 135 கிலோமீட்டர் சொச்சம். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அந்த ஒரு பயணத்தை வேகமாக ஓட்டிப் பார்த்து, என் கண் ரோட்டை விட்டு விலகிய ஒவ்வொரு தடவையும் ஒரு குச்சி போட்டாள். போனுக்கு மட்டும் முப்பத்தொன்று. அதில் பேசியது நான்கே தடவைதான். மற்றதெல்லாம் எதற்கு? மணி பார்த்தது, மேப்பை விரலால் பெரிதாக்கியது, வாட்ஸப் வந்திருக்கிறதா என்று திரையைத் தட்டிப் பார்த்தது. ஒன்றுமே வராதபோதும் தட்டிப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் என்னை உட்கார வைத்தது அந்த முப்பத்தொன்று இல்லை. விராலிமலைக்குப் பக்கத்தில் பதிவான ஒரு காட்சி. அங்கே மயில் அதிகம், ரோட்டோரத்தில் கோழி மேய்வது மாதிரி மேயும். காட்சியில் நான் புளூடூத்தில் ஒரு டெக்னீஷியனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், கண் நேராக ரோட்டில். எந்தப் போலீஸ்காரரும் குறை சொல்ல முடியாது. இடது பக்கப் புதரிலிருந்து ஒரு மயில் தோகையை இழுத்துக்கொண்டு ரோட்டில் இறங்குகிறது, பாதி தூரம் வருகிறது, தயங்கித் திரும்பி ஓடுகிறது. பம்பருக்கும் அதற்கும் நடுவில் நாலைந்து அடி இருந்தால் அதிகம். என் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழவில்லை. "பிரஷர் சென்சாரைக் கழட்டிட்டு மறுபடி மாட்டிப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

"மயிலைப் பாத்தீங்களாப்பா?"

"எந்த மயில்?"

சத்தியமாகத்தான் கேட்டேன். எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தும் அந்த மயில் என் நினைவில் இல்லவே இல்லை.

இதைப் பற்றி அப்புறம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியலாளர் 2001இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கையில் பிடித்துப் பேசினாலும் சரி, பிடிக்காமல் பேசினாலும் சரி, ஓட்டுபவரின் கவனம் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் கெடுகிறது என்கிறார். கண் எதிரே ஒன்று இருக்கும், கண்ணும் அதன் மேல் இருக்கும், மூளை மட்டும் வாங்கிக்கொள்ளாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் அப்படி இல்லை. எதிரே லாரி ஒதுங்கி வந்தால் அவரே பேச்சை நிறுத்திவிடுவார், "பாத்து பாத்து" என்பார். போனில் இருப்பவருக்கு நம் ரோடு தெரியாது. அவர் பாட்டுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார், நாமும் பதில் சொல்லிக்கொண்டே போவோம்.

குட்டியானைப் பையனிடம் சொன்ன பொய் அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. பத்தொன்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை என்பதை என் திறமைக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். அந்த மயில் திரும்பி ஓடியதில் என் திறமை என்ன இருக்கிறது? அது மயிலின் கெட்டிக்காரத்தனம். இப்படி எத்தனை மயில், எத்தனை சைக்கிள்காரர், எத்தனை ஆட்டுக்குட்டி தாங்களாகவே ஒதுங்கிக்கொண்டார்களோ! ஒவ்வொரு தடவை ஒன்றும் ஆகாமல் போகும்போதும் இது தப்பில்லை என்று கைக்கு ஒரு பாடம் ஏறுகிறது. அடி விழுந்திருந்தால் இரண்டாம் நாளே விட்டிருப்பேன்.

ஒரு கணக்கு சொல்கிறேன். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லாரி டிரைவர்களின் வண்டியில் கேமரா வைத்துப் பார்த்து 2009இல் சொன்னது இது: மெசேஜ் அடிக்கிறபோது ஆறு வினாடியில் 4.6 வினாடி கண் ரோட்டில் இல்லை. நம் 80 வேகத்தில் அது நூறு மீட்டருக்கு மேல். எங்கள் தெரு முனையிலிருக்கும் மாவு மில்லிலிருந்து என் வீட்டு வாசல் வரை அவ்வளவு தூரம்தான் வரும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்தத் தூரத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டச் சொன்னால் ஓட்டுவேனா?

சரி, போனை என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதலில் ஸ்டாண்டிலிருந்து எடுத்து டேஷ்போர்டு அறைக்குள் வைத்தேன். பிரயோஜனமில்லை. மணியடித்தால் கை நீட்டித் திறந்துவிடுவேன், அது இன்னும் ஆபத்து. இப்போது சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வைத்து, பையைப் பின் சீட்டில் வீசிவிடுகிறேன். முதல் பத்து நாள் வீடியோவைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல், இடது கை அந்தக் காலி ஸ்டாண்டுக்குப் போகும், தொடும், திரும்பி வரும். ஸ்டாண்டைக் கழற்றிய பிறகுதான் அது நின்றது.

எங்கள் தொழிலில் போன் எடுக்காமல் முடியுமா என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. நோயாளி படுத்திருப்பார், மெஷின் நின்றுவிட்டது என்று கூப்பிடுவார்கள். நான் போகும் எல்லா இடத்திலும் டெக்னீஷியன்களிடம் சொல்லி வைத்தேன்: வண்டியில் இருந்தால் எடுக்க மாட்டேன், முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துவேன், நிறுத்தியதும் கூப்பிடுவேன், அதற்குள் அவசரமென்றால் ஆபீஸில் இன்னொருவர் இருக்கிறார். ஒருத்தர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஒரு நாள் மேலூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பையைத் திறந்தால், ஒரே எண்ணிலிருந்து ஐந்து மிஸ்டு கால். நெஞ்சு அடித்துக்கொண்டது. கூப்பிட்டேன். "ஒண்ணுமில்ல சார், பிளக் லூசா இருந்துச்சு. நாங்களே பாத்துட்டோம்" என்றார். பழைய நானாக இருந்தால் அந்த ஐந்து அழைப்பையும் தொண்ணூறில் எடுத்திருப்பேன்.

மேப் வேண்டியிருக்கிற நாளில் கிளம்புவதற்கு முன்பே ஊர் பெயரைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவிட்டு, குரலை மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டுகிறேன். வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாமல், போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரிலிருந்து மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. பேசினால் அபராதம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்திய பட்டியல்படி முதல் தடவை 1,000 ரூபாய், திரும்பவும் சிக்கினால் 10,000. மேப்பில் பெரிய தொல்லை என்னவென்றால், திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டதும் வருகிற பதற்றம். நான்குவழிச் சாலையில் அடுத்த மீடியன் திறப்பு இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அதற்குச் சோம்பேறித்தனப்பட்டு ஓரமாக ரிவர்ஸ் எடுக்கிறவர்களையும், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு எதிர்த் திசையிலேயே வருகிறவர்களையும் தினமும் பார்க்கிறேன். நானும் இரண்டு தடவை ரிவர்ஸ் எடுத்திருக்கிறேன். தவறவிட்டால் விட்டதுதான். போய்த் திரும்பி வர ஐந்து நிமிஷம்.

மகளின் இரண்டாவது கட்டம் தண்ணி. இதை அவள் விளையாட்டாகத்தான் எழுதினாள். எனக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு, வீட்டில் சொன்னதில்லை. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் துவரங்குறிச்சி பக்கம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் குடித்துவிட்டு இடது பக்க சீட்டில் போட்டிருந்தேன். ஒரு வளைவில் அது உருண்டு கீழே விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டது, பேசாமல் விட்டுவிட்டேன். கொஞ்ச தூரத்தில் மீடியனைத் தாண்டி ஒரு ஆட்டு மந்தை இறங்கியது. பிரேக்கை மிதித்தேன். பெடல் பாதியில் நின்றுவிட்டது. காலடியில் 'கரக்' என்று பிளாஸ்டிக் நசுங்கும் சத்தம். பாட்டில் முக்கால்வாசி காலியாக இருந்ததால் நசுங்கியது, பெடல் இறங்கியது, வண்டி நின்றது. மூடி திறக்காத புதுப் பாட்டிலாக இருந்திருந்தால் அது நசுங்கியிருக்காது. மேய்த்து வந்த அம்மா கம்பை ஓங்கியபடி ஏதோ திட்டினார். கண்ணாடியை ஏற்றியிருந்ததால் கேட்கவில்லை. கேட்க வேண்டிய திட்டுதான்.

அன்றிலிருந்து பாட்டில் கதவு அறையில் அல்லது பின்னால்தான். ஓட்டுபவரின் காலடியில் எதுவும் இருக்கக் கூடாது. நல்லா இருக்கட்டும் என்று மிதியடிக்கு மேல் இன்னொரு மிதியடி போடுவோம் பாருங்கள், அது நகர்ந்து ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் செருப்பு. ரப்பர் செருப்போடு ஓட்டும்போது குதிகால் பக்கம் மடங்கிப் பெடலின் விளிம்பில் மாட்டும். நான் செருப்பைக் கழற்றிப் பக்கத்திலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓட்டுகிறவன். கழற்றிய செருப்பும் பாட்டிலைப் போலத்தானே நகரும்? இப்போது வண்டிக்கென்று பின்பக்கம் வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் பிள்ளையார் விவகாரம். ஏர்பேக் என்று எழுதியிருக்கும் மூடிக்கு நேர் மேலே, டேஷ்போர்டில் கால் சாண் உயரத்துக்குக் கல் பிள்ளையார். வண்டி எடுத்த அன்று மாமியார் ஒட்டியது. பம்பர் மாற்றப் போன இடத்தில் மெக்கானிக் பார்த்துவிட்டு, "சார், முட்டுனா இந்த மூடி கண் சிமிட்டுறதுக்குள்ள கிழிச்சிக்கிட்டு வரும். பிள்ளையார் கல்லு மாதிரி பறந்து வருவாரு. அக்கா உக்கார்ற சீட்டு" என்றார். வீட்டில் சொன்னால் ஒரு வாரம் பேச்சு வார்த்தை. கடைசியில் உள்கண்ணாடிக்குக் கீழே, கண்ணாடியோடு ஒட்டுகிற மாதிரி சின்னதாக ஒரு படம். மாமியார் இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை. அதே சீட்டில் காலைத் தூக்கி டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளும் பழக்கம் என் மனைவிக்கு உண்டு, தங்கைக்கும் உண்டு. ஏர்பேக் விரிந்தால் முழங்கால் முகத்துக்கு வரும் என்று சொன்னதும் இரண்டு பேரும் இறக்கிக்கொண்டார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காருவதை மட்டும் சொந்தக்காரர்களிடம் நிறுத்த முடிவதில்லை. "நான் கெட்டியா புடிச்சிருக்கேன்ல" என்பார்கள். நான் வண்டியை எடுப்பதில்லை. கோபித்துக்கொண்டால் பஸ்ஸில் வரட்டும்.

பின் சீட்டில் பெல்ட் போடுவதும் எங்கள் வீட்டில் தாமதமாகத்தான் வந்தது. 2022 செப்டம்பர் 4ஆம் தேதி தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே விபத்தில் இறந்தபோது, பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று செய்தி வந்தது. அந்த வாரம் முழுக்க எல்லோரும் போட்டோம். அடுத்த வாரம் பெல்ட்டுகள் திரும்பவும் சீட்டுக்கு அடியில் போய்விட்டன. இப்போது பொறுப்பை மகளிடம் கொடுத்துவிட்டேன். அவள் "ஓகே" சொல்லாமல் சாவியைத் திருப்புவதில்லை.

எனக்குப் பழக்கிக் கொடுத்தவர் என் பெரிய மாமா. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று சொல்லித்தந்தார். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. அத்தனையையும் ஒரு தடவை நியூட்ரலிலேயே இறங்கினேன். கீழே வந்தபோது நான்கு சக்கரத்திலும் தீய்ந்த வாடை, பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது, வண்டி நிற்கவே மாட்டேன் என்றது. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது கியர். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். இந்தக் காலத்து இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோல் மிச்சமும் கிடையாது. கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டால் எரிபொருள் போவதையே அது நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடுவதற்குக் கொஞ்சம் குடிக்கும். மாமா பெட்ரோலைக் கார்புரேட்டரில் எரித்த காலத்து மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று நம் ஊரில் எப்படியோ பரவிவிட்டது. நாலு ரோடு சந்திப்பில் நேராகப் போக நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு போவது. நானும் செய்தேன். எல்லோரும் செய்கிறார்கள், ஏதோ விதி போலிருக்கிறது என்று நினைத்தேன். இடது பக்கத் தெருவிலிருந்து வருகிறவருக்கு நம் இடது விளக்கு மட்டும்தான் தெரியும். நாம் இடது பக்கம் திரும்பப் போகிறோம் என்று நினைத்து அவர் தைரியமாக உள்ளே வருவார். நேராகப் போகிறவனுக்கு எந்த விளக்கும் வேண்டியதில்லை. வண்டி பழுதாகி நிற்கும்போது போடுவதற்குத்தான் அந்தப் பொத்தான். மழையில் போட்டுக்கொண்டு ஓட்டுவதும் அப்படித்தான், அந்த வண்டி எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று பின்னால் வருகிறவருக்குக் கடைசி வரை தெரியாது.

ராத்திரி டிம் பண்ணாதவர்களைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது. அவன் போட்டால் நானும் போடுவேன் என்று சண்டைக்கு நின்றால், இரண்டு குருடர்கள் எதிரெதிரே வருகிறார்கள் என்று அர்த்தம். எதிர் வெளிச்சம் அடிக்கும்போது கண்ணை இடது ஓரத்து வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுபோய், வேகத்தைக் குறைத்துக்கொள்வது என் வழி. முன்னால் போகிற வண்டிக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதற்கும் எளிய வழி ஒன்று இருக்கிறது. அந்த வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது "ஓராயிரம், ஈராயிரம், மூவாயிரம்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்கு முன்பே நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் ஒட்டிக்கொண்டு போகிறீர்கள். மழையென்றால் இரண்டு மடங்கு சொல்ல வேண்டும். நடுவில் இன்னொருத்தர் புகுந்துவிடுவார்தான். புகட்டும், மறுபடி எண்ணிக்கொள்ளலாம்.

தூக்கத்தை மட்டும் கேமரா சரியாகப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அது நடந்தபோது கேமரா இல்லை. திருச்செந்தூர் போய்விட்டு இரவோடு இரவாகத் திரும்பினோம். மறுநாள் எனக்கு டியூட்டி. கோவில்பட்டி தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கியதும், இடது சக்கரம் மண்ணில் ஓடும் சத்தமும். மணி மூன்றரை. நான் தூங்கவில்லை என்று அடித்துச் சொன்னேன். கண் திறந்துதான் இருந்தது என்பது என் வாதம். "திறந்துதான் இருந்துச்சு. ஆனா நீங்க இல்ல" என்றாள்.

விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்தைக் கேட்கும். பகலில் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு சுற்று உண்டு. ஜன்னலை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, கன்னத்தில் அறைந்துகொள்வது எல்லாம் செய்து பார்த்தவன் நான். எதுவும் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. ராத்திரியில் போலீஸ்காரர்கள் நெடுஞ்சாலையில் வண்டிகளை நிறுத்தி முகம் கழுவ வைத்து டீ கொடுத்து அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல காரியம்தான், ஆனால் டீ உடனே வேலை செய்யாது. உடம்பில் ஏற இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதனால் நான் இப்போது டீயைக் குடித்துவிட்டு, வெளிச்சமாக இருக்கிற ஒரு பங்கில் வண்டியை விட்டு, இருபது நிமிஷத்துக்கு அலாரம் வைத்துத் தூங்கிவிடுகிறேன். எழுந்திருக்கும்போது டீயும் வேலைக்கு வந்துவிடும். ராத்திரி கிளம்பித்தான் ஆக வேண்டும் என்கிற பயணங்களையே குறைத்துக்கொண்டேன். முருகன் காலையில் போனாலும் இருப்பார்.

டூவீலரில் நான் அதிகம் போவதில்லை. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுகிறவர்களைப் பார்த்தால் அந்த விராலிமலை வீடியோதான் ஞாபகம் வருகிறது. அவர்களுக்கு மயிலோ நாயோ குறுக்கே வந்தால் சுற்றி இரும்புக் கூடுகூட இல்லை.

இதையெல்லாம் செய்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஹார்ன் விஷயத்தில் நான் திருந்தவில்லை, திட்டுவதிலும் இல்லை. கேமரா ஒலியையும் பதிவு செய்யும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஒரு ஷேர் ஆட்டோக்காரரை நான் சொன்ன வார்த்தையை மாமியார் முன்னால் லேப்டாப் சத்தமாகச் சொல்லிவிட்டது.

மகள் மட்டும் மாதத்துக்கு ஒரு ஞாயிறு கார்டைப் போட்டுப் பார்ப்பதை விடவில்லை. அதே நோட்டு, அதே நான்கு கட்டம். போன மாதம் போன் பூஜ்யம். தண்ணி ஒன்று. பாட்டு இரண்டு. 'சும்மா' கட்டத்தில் ஏழு குச்சி இருந்தது. எங்கே என்று கேட்டேன். ஓட்டிக் காட்டினாள். ஏழில் ஐந்து விராலிமலையில். போன் இல்லாத என் முகம் இடது பக்கம் திரும்பித் திரும்பிப் புதரைப் பார்த்துக்கொண்டே போகிறது.

"மயில் வருதான்னு பாக்குறேம்மா. அது கவனம்தானே?"

"ரோட்டைப் பாக்கலையேப்பா" என்று சொல்லி ஐந்தையும் எண்ணிச் சுற்றி வட்டம் போட்டுவிட்டாள்.